முற்றத்து அண்டாவும் மொட்டை மாடிக் குழாயும்

மொட்டை மாடி மழைநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்யும் வேலையை இந்த ஆண்டு தள்ளிப்போடலாமே என்று சென்ற கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். அந்தக் குழாய் வந்த கதையைக் கொஞ்சம் சொல்லத் தோன்றியது.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓட்டுக் கூரை நடு முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். அது வறண்ட சீமை. ஓட்டின் விளிம்பில் தகரத்தை வாய்க்கால்போல் வளைத்துக் கட்டி, கூரைத் தண்ணீரை மூலைக்குக் கொண்டுவந்து அண்டாக்களில் பிடித்தார்கள். மிஞ்சியது வடிகால் வழியே ஊருணிக்குப் போனது. முதல் மழையைப் பிடிக்கமாட்டார்கள், அது கூரைத் தூசியைக் கழுவிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். தகரம் இல்லாத வீடுகளில்கூட வெள்ளை வேட்டியை நாலு மூலையிலும் கட்டி, நடுவில் கல்லைப் போட்டு, கீழே பாத்திரம் வைப்பதுண்டு. குடிக்கிற தண்ணீர் ஆயிற்றே! தகரத்தில் வேப்பஞ்சருகு அடைத்தால் அன்றைக்கே வீட்டில் தெரிந்துவிடும்.

நாட்டு ஓட்டுக்கு வருஷாவருஷம் வேலை உண்டு. அணிலும் பூனையும் நகர்த்திய ஓடுகளை மழைக்கு முன் பிரித்து அடுக்க ஆள் வருவார். ஏணி போட்டதோடு தகரத்திலிருக்கும் குப்பையையும் வழித்துப் போட்டுவிடுவார். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் அந்தச் சீமை ஓடு எளிதில் நகராது. ஓடு மாற்றும் வேலையோடு கூரை ஏறிப் பார்க்கும் வழக்கமும் குறைந்தது என்பது என் அபிப்பிராயம்.

பட்டணத்தில் மெட்ராஸ் டெரஸ் வந்தது. மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, தட்டோடு பதித்த தளம் அது. அதன் பிறகு கான்கிரீட். தட்டைக் கூரையில் தண்ணீர் நின்றால் ஒழுகும் என்பதால், அதைச் சீக்கிரம் தெருவுக்குத் தள்ளுவதே குழாயின் வேலையாகிப்போனது. குடிநீர் வேறு குழாயில் வந்தது. மாடிக் குழாய் அடைத்தால் கடைசி மாடிக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது.

2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. தெருவுக்குப் போன குழாயைக் கிணற்றுக்கோ கசிவுக் குழிக்கோ திருப்பினோம். நம் வளாகத்தின் குழிகள் அப்போது வெட்டியவைதான். குழி வெட்டுவதற்குச் சட்டம் போதும். அதிலுள்ள மணலை வருஷாவருஷம் எடுத்துக் கழுவிப் போடுவதற்கு யாராவது முன்வர வேண்டும். அதே சென்னைக்குத்தான் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்.

வங்கியில் பேரேடு எழுதிய கை சும்மா இருக்குமா? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் மாடி ஏறத்தாழ 300 சதுர மீட்டர், சென்னையின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 3,36,000 லிட்டர் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரியில் 28 லோடு! இனி பற்றுப் பக்கம். வாய்கள் அடைத்து மாடியில் நாலு அங்குலம் தண்ணீர் நின்றால் 30 டன். அத்தனையும் நாலாவது மாடிக்காரர்களின் தலைக்கு மேல்.

போன வாரம் ஏறிப் பார்த்தேன். ஆறு வாய்களில் இரண்டில் சருகு. தென்மேற்கு மூலையில் ஒரு முழ உயரத்துக்கு அரசங்கன்று, வேர் குழாய்க்குள் இறங்கியிருக்கிறது. வெறுமே பிடுங்கினால் மறுபடி முளைக்கும், வேரோடு எடுத்துப் பூசவேண்டும். செப்டம்பர் கடைசி ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பிளம்பர் வருகிறார். மாடியில் பூந்தொட்டி, பழைய கட்டில் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் நகர்த்திவைத்தால் உதவியாக இருக்கும்.