ஓர் ஆசிரியர் அமைத்த அணி

நமது கேம்ப் பட்டாளத்தால் உருவான ஊர். பட்டாளத்தோடும் அதனைச் சார்ந்த உத்தியோகங்களோடும் வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் இங்கு பல. சிகந்தராபாத்தும் இத்தகைய ஊரே. அவ்வூர் மைதானங்களில் பந்து உதைத்து வளர்ந்த இரு தமிழ் இளைஞர்களையும், அவர்களை உருவாக்கிய ஆசான் ஒருவரையும் நம் குழந்தைகள் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இதனை எழுதலானோம்.

அந்த ஆசான் சையது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். உஸ்மானியா பல்கலைக் கழகத்தில் பயின்றவர். அவரது பயிற்சியில் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி, மும்பையின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. 1950-இல் இந்திய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. மறு ஆண்டே, டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என வென்று தங்கம் கிடைத்தது.

புதிய பயிற்சியாளரைப் போற்றாதார் இல்லை. ஆயினும் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற பெருந்தோல்வி நேர்ந்தது. நம்மவருட் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். அதன் பின்னரே பூட்ஸ் அணிந்தாடுதல் கட்டாயமாயிற்று. ரஹீமோ மனம் தளர்ந்தாரல்லர். பிற நாட்டார் முறைகளைக் கூர்ந்து கற்றார். வலிமை குறைந்த காலினால் மட்டுமே ஆடவேண்டும் என்று விதித்துப் பந்தயங்கள் நடத்தினார். தனியொருவர் பந்தை இழுத்துச் செல்லாது, உடனுக்குடன் தோழருக்கு வழங்கும் பழக்கத்தை ஊட்டினார். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று, நான்காம் இடம் பெற்றோம்.

அவ்வணியில் இருந்தவர்களே நாம் கூறிய இருவரும். துளசிதாஸ் பலராம், சிகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். பீட்டர் தங்கராஜ், வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்த பட்டாள வீரர். முன்னணியில் ஆடியவர், பின்னர் கோல்காப்பாளராகிப் புகழ் பெற்றார். அவர் இடம்பெற்ற மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி 1955-இலும் 1958-இலும் டூராண்ட் கோப்பையை வென்றது.

ரஹீமின் ஆற்றல் முழுமையாக வெளிப்பட்டது 1962-இல் ஜகார்த்தாவில். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 எனத் தோற்றோம். தாய்லாந்துடன் ஆடுகையில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங் தலையில் காயமுற்றுத் தையலிட நேர்ந்தது. தற்காப்புக்கு ஆகாதவரை வெளியே அமர்த்துவதன்றோ வழக்கம்? ரஹீம் அவரை முன்னணியில் நிறுத்தினார்! அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக அவர் கோல் போட்டார். அரசியல் மனக்கசப்பால் மைதானம் முழுதும் நமக்கு எதிராக ஆரவாரித்தது. செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் எதிர்நின்றதும் அதே தென் கொரியாவே. காய்ச்சலினின்று தேறிய தங்கராஜை ரஹீம் கோல்முகத்தில் நிறுத்தினார். முற்பாதியிலேயே பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் போட்டனர். முடிவு 2-1, தங்கம் நமதாயிற்று. அப்போதே புற்றுநோய் ரஹீமைப் பற்றியிருந்தது. 1963 ஜூன் 11-ஆம் நாள் அவர் மறைந்தார். அதன் பின்னர் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா மீண்டும் தங்கம் பெறவில்லை.

தங்கராஜ் 2008-இலும் பலராம் 2023-இலும் காலமாயினர். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் அயல்நாட்டு ஆட்டக்காரர் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கின்றனர். இவ்விருவர் பெயரையோ அறியார். குறை பிள்ளைகளுடையதன்று, சொல்லாது விட்ட நம்முடையதே. மதிப்பெண் குறைந்த பிள்ளையை ஒதுக்கி வைக்கும் நாம், காயமுற்றவனுக்கும் களத்தில் ஓரிடம் கண்ட அந்த ஆசிரியரை நினைத்தல் வேண்டும். மாலையில் ஒரு மணி நேரமேனும் நம் பிள்ளைகளை மைதானத்திற்கு அனுப்புவோமாக. அடுத்த பலராம் எத்தெருவில் இருக்கிறானோ, யார் அறிவார்!