பொன்மலை

பொன்மலை என்பது தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி மாநகரில் உள்ள தொழிற்பகுதியாகும். தென்னக இரயில்வேயின் மையப் பணிமனை இங்கு அமைந்துள்ளது. திருச்சிராப்பள்ளி - தஞ்சாவூர் இரயில் பாதையில் பொன்மலைக்குத் தனி நிலையம் உண்டு. இங்கிலாந்தின் சுவிண்டன் போன்று, இரயில் பணிமனையைச் சுற்றி வளர்ந்த ஊர் இது.

பெயர்

இங்குள்ள சிறு குன்றின் பெயரே ஊருக்கும் வழங்குகிறது. பெயரில் பொன் இருப்பினும் இது தங்கம் எடுத்த இடமன்று. இரண்டாம் கர்நாடகப் போரின்போது, 1753இல், இக்குன்றருகே நடந்த சண்டையில் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் தலைமையிலான ஆங்கிலேயப் படை, பிரெஞ்சு - மைசூர் கூட்டுப்படையை வென்றது.

பணிமனை

தென்னிந்திய இரயில்வே கம்பெனியின் பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. கடற்கரை ஓரத்தில் இருந்த அவ்வூரைவிட, பல பாதைகள் கூடும் திருச்சிராப்பள்ளி பழுதுபார்ப்புக்கு வசதியான இடமாகும். கம்பெனியின் தலைமையகம் 1908இல் இங்கு மாறியது. 1920களின் பிற்பகுதியில் பணிமனையும் பொன்மலைக்கு மாற்றப்பட்டது. தொழிலாளர் குடியிருப்புகளும் இரயில்வே மருத்துவமனையும் இதனையொட்டி உருவானவை.

தொழிலாளர் போராட்டங்கள்

ஊரின் வரலாற்றில் பெரிதும் பேசப்படுவது இதுவே. பணிமனைகளை ஒன்றிணைத்தபோது கம்பெனி ஆட்குறைப்பில் இறங்கியது. யாரை வைத்துக்கொள்வது என முடிவு செய்யத் திறன் தேர்வு நடத்தவும் முற்பட்டது. பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு இது வேலை பறிபோகும் வழியாகவே தெரிந்தது. இதனை எதிர்த்து 1928 சூலையில் தென்னிந்திய இரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. அது சில நாட்களில் ஒடுக்கப்பட்டது. ம. சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் ஆகியோர் சிறைத்தண்டனை பெற்றனர்.

1944இல் கம்பெனியின் நிர்வாகம் அரசின் கைக்கு வந்த பின்னரும் பூசல் ஓயவில்லை. 1946 வேலைநிறுத்தத்தின்போது, செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் மலபார் சிறப்புக் காவற்படையினர் துப்பாக்கிச்சூடு நடத்தினர். ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். விடுதலைக்கு ஓராண்டு கூட இல்லாத நேரத்தில், இந்தியர் அமைச்சரவை சென்னை மாகாணத்தை ஆண்டபோது இது நிகழ்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. அந்நாள் ஆண்டுதோறும் பொன்மலைத் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது. அக்காலத் தொழிற்சங்கத் தலைவர்களுள் ஒருவரான கே. அனந்தன் நம்பியார், 1962, 1967 தேர்தல்களில் திருச்சிராப்பள்ளி மக்களவைத் தொகுதியில் வெற்றி பெற்றார்.

தற்காலப் பணிகள்

டீசல் எஞ்சின்களைப் பழுதுபார்த்தல், பெட்டிகளைப் புதுப்பித்தல், சரக்குப் பெட்டிகளைக் கட்டுதல் ஆகியவை இங்கு நடைபெறுகின்றன. நீலகிரி மலை இரயிலின் பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. அவற்றை ஒத்த, பற்சக்கரத்தால் மலையேறும் நீராவி எஞ்சின்கள் 2011 முதல் பொன்மலையிலேயே கட்டப்பட்டன. முதலில் வந்தவை எண்ணெயால் இயங்குபவை. நிலக்கரியால் இயங்கும் எஞ்சின் ஒன்று 2021இல் நிறைவுற்றது. உலகின் பிற இடங்களில் நீராவி எஞ்சின்கள் பெரும்பாலும் அருங்காட்சியகம் சேர்ந்துவிட்ட காலத்தில் அவற்றைப் புதிதாகக் கட்டும் பணிமனைகள் மிகச் சிலவே.

நிர்வாகம்

தனி நகராட்சியாக இருந்த பொன்மலை, 1994இல் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் நகராட்சிகளுடன் இணைக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் பகுதியானது. கிழக்கே திருவெறும்பூரில் 1960களில் அமைந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையும் அதன் குடியிருப்பும் மாநகரின் தொழிற்பகுதியை மேலும் விரிவாக்கின.