இளம்பெண்களின் நோய் முதியோரின் நோயானது எப்படி?

நுரையீரல் தமனி உயர் ரத்த அழுத்தத்தை இளம்பெண்களின் நோய் என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. நம்பிக்கைக்கு ஆதாரம், 1981-இல் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனம் தொடங்கிய பதிவேடு. 32 மருத்துவமனைகளிலிருந்து 187 பேரைத் திரட்டி 1987-இல் அது வெளியானபோது, சராசரி வயது 36. ஓர் ஆணுக்கு 1.7 பெண்கள். கண்டறிந்த 2.8 ஆண்டுகளுக்குள் பாதிப் பேர் இறந்துவிட்டதை 1991-இல் வந்த தொடர்ச்சி காட்டியது. ஆனால் வேறு இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களை விலக்கித் தேர்ந்தெடுத்த கூட்டம் அது. கொடுக்க மருந்தும் இல்லாத காலத்தில், மூச்சு வாங்கும் எழுபது வயதுக்காரரின் இதயத்துக்குள் வடிகுழாயைச் செலுத்திப் பார்க்க யாருக்கு அவசியம்? வயதாகிவிட்டது என்ற பதிலே போதுமானதாக இருந்தது. 1995-இல் எப்போப்ரோஸ்டினாலுக்கும் 2001-இல் போசென்டான் மாத்திரைக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனையும் பரவியது. மருந்து வந்ததும் நோயாளியைத் தேடக் காரணம் கிடைத்தது. 2006-இல் வந்த பிரெஞ்சுப் பதிவேட்டில் சராசரி வயது 50. ஜெர்மனியை மையமாகக் கொண்ட கம்பேரா பதிவேடு 2013-இல் ஆராய்ந்த 587 பேரில் 378 பேர் 65-ஐக் கடந்தவர்கள். முதியோரிடையே ஆண், பெண் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாகியிருந்தது. நோய் மாறியதைவிட, அதைத் தேடும் இடம் மாறியதே இதில் பெரிது என்பேன்.

முதியோரின் கதி இளையோரைவிட மோசம். வியப்பு என்னவென்றால், 2012-இல் வெளியான பிரிட்டன், அயர்லாந்து பதிவேட்டில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் ரத்த ஓட்ட அளவுகள் இளையோரைவிடச் சற்று மேலாகவே இருந்தன. ஆனாலும் அவர்கள் நடந்த தூரம் குறைவு, பிழைத்த காலமும் குறைவு. ஆக, தமனியின் அழுத்தத்தை மட்டும் வைத்து ஆயுளைக் கணிக்க முடியாது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, இதய ரத்தக்குழாய் அடைப்பு, உடல் பருமன் என்று கூட வரும் நோய்களையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

முதியவர் சீக்கிரம் இறப்பது இயல்புதானே என்று கேட்கலாம். அதே வயது, அதே பாலினத்தைச் சேர்ந்த பொதுமக்களின் ஆயுளோடு ஒப்பிட்டுக் கழித்த பிறகும் கம்பேராவில் முதியோர் பின்தங்கியே இருந்தனர். இன்னொரு ஆட்சேபம் வலுவானது: இவர்களில் பலருக்கு உண்மையில் விறைத்துப்போன இடது இதயத்தின் நோய்தான், பெயர்தான் தவறு என்பது. மறுக்க முடியாது, நீர் பிரிக்கும் மாத்திரை போட்டுவிட்டு அளந்தாலே இடது பக்க அழுத்தம் குறைந்து தெரியும். இந்தச் சந்தேகத்தால்தான், இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தொடங்குவதைச் சோதித்து 2015-இல் வெளியான ஆம்பிஷன் ஆய்வு நடுவழியில் விதியை மாற்றி, மேற்சொன்ன நோய்களில் பல சேர்ந்திருந்தவர்களை விலக்கியது. ஏற்கெனவே சேர்ந்த 105 பேரை முதன்மைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆய்வு தெளிவானது, சந்தேகமில்லை. ஆனால் மருத்துவமனை வாசலில் அதிகம் காத்திருப்பவர்கள் அதன் முடிவுக்கு வெளியே நின்றார்கள். இதய, நுரையீரல் இணைநோய் இல்லாதவருக்குக் குறைந்தது இரண்டு மருந்துகளோடும், இருப்பவருக்கு ஒன்றோடும் தொடங்கச் சொல்லும் 2022-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் இந்த இடைவெளியின் மீதுதான் நிற்கிறது. முதியோருக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தரும்போது பக்கவிளைவுக்கு அஞ்சுவது நியாயம்தான். ஆனால் கம்பேராவில் முதியோருக்குக் கூட்டு மருந்து குறைவாகவே தரப்பட்டது. அவர்களின் இறப்பில் வயதின் பங்கு எவ்வளவு, கைநழுவிய சிகிச்சையின் பங்கு எவ்வளவு என்பதைப் பதிவேட்டை மட்டும் வைத்துப் பிரித்துவிட முடியாது.