மன்னார் மணலும் போகலைக் காரீயமும்: ‘பசுமைக் கனியங்களில்’ பணம் போட முன்னர்

சில வருடங்களாக வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “மன்னாரில் மணல் எடுக்கப்போகும் கம்பனியின் பங்கு அவுஸ்திரேலியாவில் சில சதங்களுக்குப் போகிறதாம். மின்சாரக் கார், காற்றாலை எல்லாவற்றுக்கும் இனி இந்தக் கனியங்கள்தானாமே, வாங்கிப் போடலாமா?” வாங்கு, வாங்காதே என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் எந்தக் கனியம் எதற்குப் பயன்படுகிறது, அதில் போடும் பணம் எந்த வழியால் போகிறது, இலங்கையின் பங்கு உண்மையில் எவ்வளவு என்பதை ஓரிடத்தில் எழுதிவைத்தால் கேட்பவர்களுக்கு உதவும் என்று நினைத்தேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். ‘முக்கிய கனியங்கள்’ என்று அரசாங்கங்கள் வெளியிடும் பட்டியல்களில் உள்ளவை எல்லாம் பூமியில் அரிதானவை அல்ல. ஒரு நாட்டின் பொருளாதாரத்துக்கு அவை அவசியம், வழங்கல் ஓரிரு நாடுகளின் கையில் இருக்கிறது, ஆகவே எந்நேரமும் தடைப்படலாம் என்பதே அந்தப் பட்டியல்களின் அடிப்படை. 2022இல் அமெரிக்கா வெளியிட்ட பட்டியலில் 50 கனியங்கள் இருந்தன. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டத்தில் 34 மூலப்பொருட்கள் உள்ளன. காரீயமும் தைட்டேனியமும் இரண்டிலும் இடம்பெறுகின்றன. இரண்டும் எங்கள் நாட்டில் இருப்பதால், ‘இலங்கை பசுமைக் கனியங்களின் களஞ்சியம்’ என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது. அதில் பாதி சரி, பாதி மிகை.

காரீயம்: பழைய கதை, புதிய விலை

லிதியம் பட்டரி என்று பெயர் சொன்னாலும், ஒரு மின்சாரக் காரின் பட்டரியில் லிதியத்தைவிடக் காரீயமே பல மடங்கு அதிகம். சர்வதேச சக்தி முகவரகத்தின் கணக்கின்படி ஒரு காருக்கு ஏறக்குறைய 66 கிலோ காரீயம் தேவை. லிதியம் 9 கிலோ அளவில்தான். பட்டரியின் எதிர்முனை காரீயத்தால் ஆனது.

உலகில் காரீயம் பெரும்பாலும் பாறைக்குள் சிதறிக் கிடக்கும் செதில்களாகவே கிடைக்கிறது. கேகாலை மாவட்டத்தின் போகலையிலும் குருணாகல் மாவட்டத்தின் கஹட்டகஹவிலும் அது பாறை வெடிப்புகளை நிரப்பிய நாளங்களாக, கட்டிகட்டியாக இருக்கிறது. நிலத்துக்குக் கீழே ஆயிரம் அடிக்கும் அப்பால் இறங்கி வெட்டுகிறார்கள். வெட்டி எடுத்தவுடனேயே காபன் அளவு 90 வீதத்துக்கு மேல் இருக்கும் நல்ல தரம். இந்த நாளக் காரீயத்தை வர்த்தக அளவில் எடுக்கும் ஒரே நாடு இலங்கை.

ஆனால் எவ்வளவு எடுக்கிறோம்? வருடத்துக்குச் சில ஆயிரம் தொன். உலகின் இயற்கைக் காரீய உற்பத்தி 15 இலட்சம் தொன்னைத் தாண்டும். அதில் முக்கால் பங்குக்கு மேல் சீனா. நூறு வருடங்களுக்கு முன் நிலைமை வேறு. முதலாம் உலகப் போர்க் காலத்தில் இலங்கையிலிருந்து வருடத்துக்கு 30,000 தொன்னுக்கும் மேல் ஏற்றுமதியானது. உருக்கும் வெண்கலமும் உருக்கும் மூசைகளுக்கு எங்கள் காரீயத்துக்கு நிகரில்லை என்ற நிலை இருந்தது. டி.எஸ். சேனநாயக்கவின் தந்தை டொன் ஸ்பேட்டர் சேனநாயக்க உட்பட, பின்னாளில் அரசியலில் உயர்ந்த குடும்பங்கள் சிலவற்றின் செல்வம் காரீயச் சுரங்கத்தில் பிறந்ததுதான். போர் முடிந்ததும் கேள்வி விழுந்தது. மடகஸ்காரின் மலிவான செதில் காரீயம் சந்தைக்கு வந்தது. குழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தரம் அப்படியேதான் இருந்தது. வாங்குபவன் தன் தொழில்நுட்பத்தை மலிவான பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டான். எங்கள் காரீயத்தின் தரத்தைப் பற்றி இன்று யாராவது பெருமை பேசும்போது இந்த வரலாறு எனக்கு நினைவுக்கு வரும்.

1970களின் தொடக்கத்தில் சுரங்கங்கள் அரசுடைமையாகின. இன்று கஹட்டகஹ அரசிடம் இருக்கிறது. போகலை தனியாரிடம் சென்று, அதன் பெரும்பான்மைப் பங்குகள் ஜெர்மனிய நிறுவனமொன்றின் கையில் உள்ளன. கொழும்புப் பங்குச் சந்தையில் அது பதிவான கம்பனி. உள்ளூரில் ஒருவர் பங்கு வாங்கக்கூடிய காரீயக் கம்பனி என்றால் அதுதான். பொதுமக்களிடம் புழங்கும் பங்குகள் குறைவு என்பதால் சிறு கொள்வனவுக்கே விலை துள்ளும், சிறு விற்பனைக்கே விழும்.

இன்னொரு தடையும் உண்டு. சுரங்கத்திலிருந்து வரும் காரீயத்தை அப்படியே பட்டரிக்குள் போட முடியாது. அரைத்து, உருண்டைத் துகள்களாக்கி, 99.95 வீதத் தூய்மைக்குக் கொண்டுவர வேண்டும். உருண்டையாக்கும்போதே செதில் காரீயத்தில் பாதிக்கு மேல் கழிந்துவிடும். தூய்மையாக்க வழமையாக ஐதரோபுளோரிக் அமிலம் பயன்படுகிறது. இந்த வேலையில் உலகின் 90 வீதத்துக்கு மேற்பட்ட திறன் சீனாவிடம் குவிந்திருக்கிறது. 2023 டிசெம்பர் 1 முதல் காரீய ஏற்றுமதிக்குச் சீனா அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கியபோது உலகம் பதறியது இதனால்தான். மலாவியிலும் மொசாம்பிக்கிலும் கல் இருக்கிறது. கல்லைப் பட்டரித் தூளாக்கும் ஆலைதான் இல்லை.

கறுப்பு மணலில் பசுமை எவ்வளவு?

இனி வடக்கு, கிழக்குக்கு வருவோம். புல்மோட்டைக் கடற்கரையின் 7 கிலோமீற்றர் நீளமான கறுப்பு மணல், உலகின் மிகச் செறிவான கனிய மணல் படிவுகளில் ஒன்று. அந்த மணலில் 70 வீதமளவு இல்மனைற். மிகுதியில் உருத்தைல், சேர்க்கோன், மிகச் சிறிதளவு மொனசைற். வலுவான காந்தங்களாலும் மின்னேற்றத்தாலும் இவற்றை வேறு வேறாகப் பிரிக்கிறார்கள். 1957இல் அமைக்கப்பட்ட கனிய மணல் கூட்டுத்தாபனம்தான் இன்றைய லங்கா கனிய மணல் நிறுவனம். முழுக்க அரசுடையது என்பதால் அதில் பங்கு வாங்க வழியில்லை. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் இல்மனைற் ஏற்றிக்கொண்டிருந்த கப்பல் தாக்கப்பட்டதும் ஏற்றுமதி முடங்கிப்போனதும் அந்தப் பகுதி மக்களுக்கு நினைவிருக்கும்.

இந்த மணல் பசுமைச் சக்திக்குத் தேவைதானா? இல்மனைற்றிலிருந்து கிடைப்பது தைட்டேனியம். உலகில் தோண்டப்படும் தைட்டேனியக் கனியத்தில் ஏறத்தாழ 90 வீதம் வெள்ளை நிறமியாக மாறி சுவர்ப் பூச்சிலும் பிளாஸ்ரிக்கிலும் கடதாசியிலும் முடிகிறது. உலோகமாக மாறும் சிறுபங்கு பெரும்பாலும் விமானத் தொழிலுக்குப் போகிறது. காற்றாலைக் காந்தங்களுக்கு வேண்டியது நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள். அவை மொனசைற்றில் உண்டு. ஆனால் புல்மோட்டை மணலில் மொனசைற் ஒரு வீதத்துக்கும் குறைவு. கூடவே கதிர்வீச்சுள்ள தோரியமும் சேர்ந்து வரும். ‘முக்கிய கனியம்’ என்ற பட்டியலில் இருப்பதை வைத்து இல்மனைற்றை ‘பசுமைக் கனியம்’ என்று விற்பதை நான் விளம்பர வேலை என்றே பார்க்கிறேன்.

அறுபது வருடங்களுக்கு மேலாக நாங்கள் இல்மனைற்றைப் பெரும்பாலும் மணலாகவே கப்பலேற்றுகிறோம். அதே வகை மணல் உள்ள கேரளத்தில், திருவனந்தபுரம் தொழிற்சாலை 1950களின் தொடக்கத்திலேயே நிறமி உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. தூத்துக்குடி மாவட்டத்தின் சாகுபுரத்திலும் இல்மனைற்றைத் தரமுயர்த்தும் ஆலை இயங்குகிறது. நிறமியின் விலை மணலின் விலையைப்போலப் பல மடங்கு. அந்த இடைவெளியில்தான் வேலைவாய்ப்பும் வரியும் இருக்கின்றன. நிறமி ஆலைகளின் அமிலக் கழிவு கேரளத்தில் பட்ட பாட்டையும் இதோடு சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

மன்னார்த் தீவில் நிலைமை புல்மோட்டையிலிருந்து முற்றிலும் வேறு. அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவான தைட்டேனியம் சான்ட்ஸ் நிறுவனம் அங்கு 30 கோடித் தொன்னுக்கு மேற்பட்ட மணலில் 4 வீதமளவு பாரக் கனியங்கள் இருப்பதாக அறிவித்திருக்கிறது. கணக்குப் போட்டால் 1.2 கோடித் தொன்னுக்கு மேல் வருகிறது. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் 100 தொன் மணலைக் கிளறினால் 96 தொன்னைத் திரும்பப் போட வேண்டும். தீவின் பரப்பு சுமார் 130 சதுர கிலோமீற்றர். உப்பு நீருக்கு மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையிலிருந்தே கிணறுகளுக்குத் தண்ணீர் வருகிறது. மணலைக் கலைத்துத் திரும்ப நிரப்பிய பின் அந்தப் படை முன்போல் நிற்குமா என்பதே பேசாலை, தலைமன்னார் மக்களின் முதல் கேள்வி. வீடு, பனை, மீன்பிடித் துறை எல்லாம் அந்த மணலின் மேல்தான் இருக்கின்றன.

அதே தீவில்தான் 103.5 மெகாவாற் கொள்ளளவுள்ள தம்பபவனி காற்றாலைப் பூங்கா 2020 டிசெம்பரிலிருந்து இருக்கிறது. மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே வருடம் ஓகஸ்ட் முதல் மன்னார் நகரில் தொடர்ந்த போராட்டம் புதிய காற்றாலைகள், கனிய மணல் அகழ்வு இரண்டையும் எதிர்த்தது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு வேறு முதலீடுகள். தீவில் இருப்பவருக்கு ஒரே நிலத்தின் மீது வரும் இரண்டு கைகள்.

பணம் போகும் வழி

ஆய்வுக் கம்பனி என்பது சுரங்கக் கம்பனி அல்ல. அதற்கு விற்பனை வருமானம் கிடையாது. பங்கு விற்று வரும் பணத்தில் துளையிட்டு, மாதிரி எடுத்து, அறிக்கை எழுதுகிறது. பணம் தீர்ந்தால் மீண்டும் பங்கு வெளியிடும். ஒவ்வொரு முறையும் பழைய பங்காளரின் பங்கு மெலியும். அவுஸ்திரேலிய அறிக்கைகளில் ‘வளம்’ என்பதும் ‘இருப்பு’ என்பதும் வேறு வேறு சொற்கள். வளம் என்பது நிலத்துக்குள் இருப்பதாக மதிப்பிட்டது மட்டும். செலவு, அனுமதி, சந்தை எல்லாம் பார்த்து இலாபமாக எடுக்கலாம் என்று காட்டிய பகுதியே இருப்பு. அறிக்கையில் இந்த இரண்டில் எது எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

எங்கள் சட்டத்தையும் பாருங்கள். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி கனியங்கள் அரசுக்குச் சொந்தம். புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம் தரும் ஆய்வு அனுமதி, தோண்டி விற்பதற்கான அனுமதி அல்ல. அதற்கு வேறு உரிமம், சுற்றாடல் தாக்க மதிப்பீடு, காணி உரிமையாளரின் சம்மதம் என்று பல படிகள் உண்டு. ஆய்வு அனுமதி கிடைத்த செய்தியையே சுரங்கம் திறந்ததுபோல முகநூலில் பகிர்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

விலை ஆபத்து இன்னொன்று. லிதியத்தின் கேள்வி 2024இல் மட்டும் 30 வீதமளவு கூடியது. ஆனால் விலை? 2022 நவம்பரில் சீனாவில் தொன் ஒன்று 80,000 டொலரைத் தொட்ட லிதியம் காபனேற்று, பதினைந்து மாதங்களுக்குள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. கேள்வியைவிட வேகமாகச் சுரங்கங்கள் திறந்தன. நிக்கலில் நடந்தது இன்னும் கடுமை. 2020 ஜனவரியில் இந்தோனேசியா நிக்கல் கல் ஏற்றுமதியைத் தடைசெய்து, ஆலைகளை உள்ளே வரவழைத்தது. சீன முதலீடு குவிந்தது, உலக நிக்கலில் பாதிக்கு மேல் அந்த ஒரு நாட்டிலிருந்து வரத் தொடங்கியது, விலை சரிந்தது. 2024இல் பிஎச்பி என்ற பெருநிறுவனமே மேற்கு அவுஸ்திரேலியாவிலுள்ள தன் நிக்கல் சுரங்கங்களையும் ஆலைகளையும் நிறுத்திவைத்தது. அந்தளவு பெரிய நிறுவனத்தால் தாங்க முடியாததைச் சிறு பங்காளர் தாங்குவது கடினம்.

இதனால் அரசுகள் நேரடியாக இறங்குகின்றன. 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் எம்பி மெற்றீரியல்ஸ் என்ற அருமண் நிறுவனத்தில் பங்கு எடுத்து, கிலோவுக்கு 110 டொலர் என்று பத்து வருட அடிமட்ட விலையும் உறுதிசெய்தது. சந்தையை மட்டும் நம்பி மேற்கில் அருமண் ஆலை நிற்காது என்று வாஷிங்டனே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். கொங்கோவும் கொபால்ற் விலை விழுந்ததும் 2025 பெப்ரவரியில் ஏற்றுமதியையே நிறுத்தியது. இலங்கையில் அப்படிப்பட்ட விலை உறுதியும் இல்லை, உலக விலையை அசைக்கும் அளவும் இல்லை.

ஆகவே என்னிடம் கேட்பவர்களை நான் நான்கு விடயங்களைத் தேடிப் பார்க்கச் சொல்கிறேன். கம்பனியிடம் இருப்பது ஆய்வு அனுமதியா, அகழ்வு உரிமமா? கையிலுள்ள காசு எத்தனை மாதத்துக்குப் போதும்? தோண்டும் பொருளை வாங்க எழுத்தில் ஒப்புக்கொண்டவர் யார்? நான்காவதை வெளிநாட்டுப் பங்குத் தரகர் சொல்லமாட்டார்: அந்த நிலத்தில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? மன்னாரைப் பொறுத்தவரை கடைசிக் கேள்விக்குப் பதில் தேட அதிக தூரம் போகத் தேவையில்லை. பேசாலையில் சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள், ஒரு அழைப்பு எடுத்தால் போதும்.