அச்சிடும் முடிவு யாருடையது?
உலாவிகளின் அச்சு அமைப்புகள் எளிமையான வரலாறு

இணைய உலாவியில் அச்சிடக் கட்டளையிட்டால் இன்று வருவது பெரும்பாலும் ஒரே திரை. ஒரு புறம் தாளில் விழப்போகும் பக்கத்தின் உருவம். மறுபுறம் ஐந்தாறு தெரிவுகள். அவற்றின் கீழே ‘மேலும் அமைப்புகள்’ என்று மடித்து வைத்த பகுதி. 2000களின் தொடக்கத்தில் இதே வேலை பக்க அமைப்பு, அச்சு முன்னோட்டம், அச்சு என்று மூன்று தனிக் கட்டளைகளாகக் கிடந்தது. ஒன்றில் செய்த மாற்றத்தை இன்னொன்றில் போய்த்தான் பார்க்க முடியும். இந்த மாற்றத்தைத் தெரிவுகளைக் களைந்த கதையாகச் சொல்வதே வழக்கம்: பயனர் குழம்பினார், வடிவமைப்பாளர்கள் பாதியை நீக்கி மீதியை ஒளித்தார்கள், எளிமை வந்தது. நடந்தது அதுவல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். ஓர் அமைப்பு திரையிலிருந்து மறையும்போது பெரும்பாலும், அது வேண்டிநின்ற முடிவு வேறு யாரிடமோ போய்ச் சேர்ந்திருக்கிறது: பக்கத்தை எழுதியவரிடம், இயங்குதளத்திடம், பிரிண்டரிடம், சில சமயம் உலாவி தயாரித்த நிறுவனத்திடம். எளிமை என்பது இந்த இடமாற்றத்தின் விளைவு. ஆகவே அதை மதிப்பிடுபவர், முடிவு யாரிடம் போனது என்று கேட்டாக வேண்டும்.

உலாவிகளுக்கு இந்தச் சிக்கல் மரபுரிமையாக வந்தது. 1984இல் வெளியான மெக்கின்டாஷின் அச்சு மேலாண்மை மென்பொருள் அச்சிடுதலை இரு பெட்டிகளாகப் பிரித்திருந்தது. தாளின் அளவு, திசை போன்றவற்றைக் கேட்கும் ‘பாணி’ப் பெட்டி ஒன்று, எத்தனை பிரதி, எந்தப் பக்கங்கள் என்று கேட்கும் ‘வேலை’ப் பெட்டி மற்றொன்று. முன்னது ஆவணத்தோடு சேர்த்துச் சேமிக்க வேண்டியது, பின்னது அந்த ஒரு முறைக்கு மட்டுமானது. விண்டோஸும் பின்னாளில் பக்க அமைப்புக்கும் அச்சுக்கும் தனித்தனிப் பொதுப் பெட்டிகளைத் தந்தது. சொற்செயலிக்கு இது நல்ல பிரிவினை. கடிதம் எழுதுபவரே அதன் உரிமையாளர். தாளின் அளவு மாறினால் வரிகள் உடைவது மாறும், அதை அவர் முன்கூட்டியே தீர்மானித்துக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். இணையப் பக்கத்தில் இந்த அடிப்படையே இல்லை. படிப்பவர் அதை எழுதவில்லை, கோப்பும் அவரிடம் இல்லை, ‘பாணி’யைச் சேர்த்துச் சேமிக்க இடமும் இல்லை. அதனால் உலாவிகள் அதைத் தம்மிடமே சேமித்தன. ஓர் அகலமான அட்டவணைக்காக மாற்றிய ஓர இடைவெளி, பிறகு அச்சிடும் ஒவ்வொரு செய்திக்கும் கவிதைக்கும் ஒட்டிக்கொண்டது. ஆவணத்தின் பண்பாக இருக்க வேண்டியது உலாவியின் பண்பாகிப்போனது. பின்னாளைய குழப்பங்களில் பாதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1990களின் உலாவிகளில் இருந்த தெரிவுகளைக் கூர்ந்து பார்த்தால், அவை பயனரின் விருப்பங்களைக் கேட்டவை அல்ல, இல்லாத ஒன்றை ஈடுகட்டியவை என்பது புலப்படும். யுனிக்ஸில் ஓடிய நெட்ஸ்கேப், அச்சுக்கட்டளையையே பயனர் தட்டச்சு செய்ய ஒரு கட்டம் வைத்திருந்தது. முதல் பக்கம் முதலிலா கடைசிப் பக்கம் முதலிலா, வண்ணமா சாம்பலா, லெட்டர் தாளா ஏ4 தாளா என்றும் கேட்டது. பிரிண்டரிடம் பேசிக் கேட்டறிய உலாவிக்கு வழியில்லாததால் மனிதரிடம் கேட்டது, அவ்வளவுதான். விண்டோஸ் பதிப்பில் எழுத்தையெல்லாம் கறுப்பில் அச்சிடு, கோடுகளைக் கறுப்பில் அச்சிடு, பின்னணியையும் அச்சிடு என்ற தெரிவுகள் இருந்தன. கறுப்புப் பின்னணியில் வெளிர்நிற எழுத்து வைத்த பக்கத்தை, பின்னணியை விட்டுவிட்டு வெள்ளைத் தாளில் அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் அவற்றின் காரணம் விளங்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோ, பக்கம் பல சட்டகங்களாகப் பிரிந்திருந்தால் திரையில் உள்ளபடியா, தேர்ந்த சட்டகம் மட்டுமா, ஒவ்வொன்றும் தனித்தனியாகவா என்று வினவியது. இந்தக் கடைசிக் கேள்வியை எந்த வடிவமைப்பாளரும் புத்திசாலித்தனமாக ஒளித்துவிடவில்லை. சட்டகங்கள் வழக்கொழிந்தன, 2014இல் முடிவான எச்டிஎம்எல்5 அவற்றைக் கைவிட்டது. கேட்க எதுவும் மிஞ்சாததால் கேள்வியும் போயிற்று.

மற்ற கேள்விகளில் சிலவற்றுக்கு விடை சொல்ல வேண்டியவர் பக்கத்தை எழுதியவர். அதற்கான கருவியை, பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் 1998 மே மாதம் வெளியான இரண்டாம் பதிப்பு, சிஎஸ்எஸ்2, கொடுத்தது. திரைக்கு ஒரு பாணியும் அச்சுக்கு வேறொரு பாணியும் எழுதலாம். தாளின் ஓரங்களையும் பக்கம் உடையும் இடத்தையும் குறிப்பிடலாம். சிஎஸ்எஸ் வல்லுநர் எரிக் மேயர் 2002இல் ‘எ லிஸ்ட் அபார்ட்’ இணைய இதழில் எழுதிய கட்டுரை, பட்டியல்களையும் விளம்பரங்களையும் மறைத்துக் கட்டுரையை மட்டும் தாளுக்கு அனுப்பும் முறையைப் பரப்பியது. சிஎஸ்எஸ்ஸை உருவாக்கிய ஹோக்கன் வியூம் லீயும் பெர்ட் போஸும் தங்கள் நூலின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பையே எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் கொண்டு, பிரின்ஸ் என்ற மென்பொருளால் பக்கம் கட்டி வெளியிட்டார்கள். வழி திறந்துதான் இருந்தது. ஆனால் நடந்தவர்கள் குறைவு, உலாவிகளும் மெதுவாகவே நடந்தன. தாளின் அளவைப் பக்கமே சொல்லும் வசதி ஃபயர்ஃபாக்ஸில் 2021 டிசம்பரில்தான் வந்தது. பக்க ஓரத்தில் எழுதியவரே மேல்வரியும் அடிவரியும் வைக்கும் வசதி குரோமுக்கு 2024இல் வந்தது. இந்த இடைவெளியில் தளங்கள் ‘அச்சுக்கு ஏற்ற பக்கம்’ என்று தனிப் பிரதி வைத்து ஒப்பேற்றின. பிற்பாடு ஃபயர்ஃபாக்ஸ் தன் படிப்பு வசதியின் நிரலையே பயன்படுத்திப் பக்கத்தைச் சுருக்கி அச்சிடும் தெரிவைத் தந்தபோது, எழுதியவர் செய்யத் தவறியதை உலாவி கையிலெடுத்தது.

இடமாற்றத்தின் அடுத்த கட்டம் முன்னோட்டம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5, 2000இல் அதைக் கொண்டுவந்தது. ஆனால் பார்ப்பதும் மாற்றுவதும் தனித்தனியாகவே இருந்தன. அகலமான பக்கத்தின் வலது ஓரம் தாளில் வெட்டுப்படுவதை ஆறாம் பதிப்பில் முன்னோட்டம் காட்டும். மாற்ற வேண்டுமானால் திசையைத் திருப்பிப் பார்ப்பது, ஓரத்தைக் குறைத்துப் பார்ப்பது என்று அலைய வேண்டும். 2006இல் வந்த ஏழாம் பதிப்பு, தாளின் அகலத்துக்குத் தானே சுருக்கிக்கொள்வதை இயல்புநிலையாக்கியது. என் மதிப்பீட்டில் இந்த வரலாற்றின் மிகப் பயனுள்ள ஒற்றை மாற்றம் இதுவே. புதிய பொத்தான் எதுவும் இல்லாமல் பல பழைய பொத்தான்களின் தேவையைக் குறைத்தது. 2008இல் வந்த குரோமில் முன்னோட்டமே இல்லை. 2011 ஆகஸ்டில் வெளியான 13ஆம் பதிப்பில் வந்தபோது முன்னோட்டமும் அமைப்புகளும் ஒரே திரையில் நின்றன. முந்தைய ஆண்டே உலாவிக்குள் சேர்ந்திருந்த பிடிஎஃப் காட்டியே இதற்கு அடித்தளம்: பக்கத்தைப் பிடிஎஃபாக்கு, அதைக் காட்டு, அமைப்பு மாறினால் மறுபடி ஆக்கு. ஃபயர்ஃபாக்ஸ் ஏறத்தாழ இதே வடிவத்துக்கு 2020க்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

இத்திரையில் முதல் தெரிவாக நிற்பது சேருமிடம், அதாவது எந்தப் பிரிண்டர் அல்லது பிடிஎஃபாகச் சேமிப்பா என்பது. மற்றவை அதைப் பொறுத்தே தோன்றுகின்றன. சேமிப்பைத் தேர்ந்தால் பிரதி எண்ணிக்கையும் வண்ணமும் காணாமல் போகும். இருபுறமும் அடிக்கத் தெரியாத பிரிண்டரைத் தேர்ந்தால் அந்தக் கேள்வி வராது. பிரிண்டர் தன் திறன்களைத் தானே அறிவிக்கத் தொடங்கியதால்தான் இது கைகூடியது. 1999இல் முதல் வரையறை வெளியான ஐபிபி என்ற இணைய அச்சு நெறிமுறை அதற்கு மொழி கொடுத்தது. 2010இல் ஆப்பிளின் ஏர்பிரிண்ட் அதன் மேல் எழுந்து, தனி இயக்கி நிறுவாமலே அச்சிடுவதைப் பரவலாக்கியது. நெட்ஸ்கேப் மனிதரிடம் கேட்ட கேள்விகளில் சில இப்போது கருவியிடமே போய்விட்டன.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதற்குப் புகழ்பெற்ற சான்றும் உண்டு. 2005 டிசம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸில் ஓடும் நோம் திரைச்சூழலின் அச்சுப் பெட்டி பிரிண்டரின் தனித் திறன்களைக் காட்டாமல் விடுவதைக் கடுமையாகத் தாக்கினார். பயனர் குழம்புவார் என்ற அனுமானத்தில் வசதிகளைப் பறிப்பது எளிமையல்ல என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். குற்றச்சாட்டு நியாயமானது, ஆனால் அது என் வாதத்தை முறிப்பதைவிடத் தாங்கிப்பிடிக்கிறது. அங்கே முடிவு யாரிடமும் போகவில்லை, கைவிடப்பட்டது. எந்தத் தட்டிலிருந்து தாள் எடுப்பது, தைப்பதா வேண்டாமா என்பதைப் பிரிண்டரும் சொல்லாமல் பயனரும் சொல்ல முடியாமல் நின்றால் அது வெறும் இழப்பு. நோமின் அடித்தளமான ஜிடிகே கருவித்தொகுப்பின் 2006இல் வந்த 2.10 பதிப்பு பிரிண்டரின் தனித் தெரிவுகளைக் காட்டும் அச்சுப் பெட்டியைத் தந்தது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தம் எளிய திரையின் அடியில் ‘கணினியின் அச்சுப் பெட்டி’க்கு ஒரு கதவை இன்றும் திறந்தே வைத்திருக்கின்றன. மறைப்பதும் இடம் மாற்றுவதும் வேறு என்பதை அவற்றை உருவாக்கியவர்களும் ஒப்புக்கொண்டது போலத்தான்.

அச்சிடுவதே குறைந்துவிட்டதால் தெரிவுகளும் குறைந்தன, இதில் வடிவமைப்புக்கு என்ன பங்கு என்பது இன்னொரு மறுப்பு. வீட்டில் தாள் குறைந்தது உண்மைதான். ஆனால் தாளில் அடிக்காதவரும் பயணச்சீட்டையும் பட்டா நகலையும் பிடிஎஃபாகச் சேமிக்க இதே திரைக்குத்தான் வருகிறார். முன்னோட்டம் கண் தெரியாதவருக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களும் உண்டு. அது சரியான கேள்வி. உருவமாக மட்டும் விடை சொல்லும் எந்தத் திரையும் பாதித் திரைதான். அதனால்தான் அச்சுத் திரையின் மேலே எழுத்தில் நிற்கும் தாள்களின் மொத்த எண்ணிக்கைக்கு நான் அதிக மதிப்பளிப்பேன். திரைவாசிப்பான் அதைப் படிக்கும். இருபுறம் அச்சிடு என்றதும் எண் பாதியாவது, செய்த மாற்றத்தின் விளைவைக் கண்ணின் துணையின்றியே சொல்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு தெரிவுகள் முக்கியக் கணினி உலாவிகளில் பிடிவாதமாக மிஞ்சுகின்றன: பின்னணி அச்சு, மேல்வரி-அடிவரி. இவற்றை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் இன்னும் உடன்பாடில்லை. பின்னணி வண்ணம் பொருள் தாங்குவது என்று எழுதியவர் சொல்லலாம். மைக்குக் காசு கொடுப்பவர் படிப்பவர். பின்னணியை அப்படியே வைக்குமாறு வேண்ட எழுதியவருக்குச் சிஎஸ்எஸ்ஸில் ஒரு பண்பு உண்டு, தெரிவுப்பெட்டி படிப்பவர் கையில் உண்டு, இழுபறி நிற்கிறது. மேல்வரி-அடிவரியின் நிலை இன்னும் நுட்பமானது. எந்த முகவரியிலிருந்து, எந்த நாளில் எடுத்தது என்பதைத் தாளில் பதிக்கும் அந்தச் சிறு வரிகள் ஆய்வாளருக்கும் வழக்காடுபவருக்கும் சான்று, விலைப்பட்டியல் வடிவமைப்பவருக்கோ அழுக்கு. குரோமில் எழுதியவர் தாளின் ஓர இடைவெளியைச் சுழியாக வைத்துவிட்டால் அந்த வரிகளுக்கு இடமில்லாமல் போகிறது. கூடவே அவற்றைக் கேட்கும் தெரிவுப்பெட்டியும் திரையிலிருந்து போய்விடுகிறது. பக்கம் தன் தாளளவையும் திசையையும் அறிவித்தால் நெடுவாக்கா குறுக்குவாக்கா என்ற கேள்வி மறைவதும் இதே தர்க்கம்தான். திசையைப் பொறுத்தவரை அது சரி, எழுதியவருக்கே அது தெரியும். எடுத்த இடமும் நாளும் அப்படியல்ல. அவை பக்கத்தைப் பற்றி வாசகர் வைத்துக்கொள்ளும் குறிப்பு. அதை அழிக்கும் உரிமை பக்கத்துக்குப் போனதும் அந்தப் பெட்டி ஓசையின்றி நீங்குகிறது, அப்படியொன்று இருந்ததே அச்சிடுபவருக்குத் தெரிவதில்லை. அங்கே பெட்டியை மங்கலாகவாவது காட்டி, பக்கம் இதைத் தடுத்திருக்கிறது என்று ஒரு வரி எழுதலாம். திரையில் ஒரு வரி கூடும்.