மலைபடுகடாம் காட்டும் கல்லிடரும் திருவண்ணாமலைச் சரிவும்

பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம் 583 அடிகளால் இயன்றது. செங்கண்மாத்து நன்னன் சேய் நன்னனைப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இதற்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உண்டு. இப்பாட்டை மலைவளம் கூறும் நூலாகவே மாணவர் பெரும்பாலும் பயில்கின்றனர். வழியின் இடர்களை இடமும் பொழுதும் சுட்டி உரைக்கும் பகுதி இதன்கண் உண்டு என்பதனை யாம் ஈண்டு எடுத்துக்காட்ட விழைகின்றோம். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். அது திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. அம்மாவட்டத் தலைநகரில் 2024ஆம் ஆண்டு நேர்ந்த கேடே இவ்வாய்விற்குக் காரணமாயிற்று.

புலவர் கூறும் கல்லிடர் இரண்டு. ஒன்று, தினைப்புனத்தை உழும் பன்றியைக் கொல்லக் குறவர் அமைத்த கற்பொறி. அதனை அடார் என்ப. இப்பொறி உள்ள வழியை இருளில் கடவாமல், விடியும்வரை தங்கிப் பின்னர்ச் செல்க என்பது அறிவுரை. மற்றொன்று, புனங்காவலர் கவணால் எறியும் கல். அது மூங்கிலில் பட்டுத் தத்தி, விசை குறையாது வரும்; ஆதலின் மரங்களை மறைவாகக் கொண்டு கடந்து செல்க என்கின்றார். கல் நேரே வந்து வீழ்வதொடு நில்லாது தத்தியும் வரும் என்பதனைக் கண்டறிந்து கூறியமை வியக்கத்தக்கது. ஆல்ப்சு மலைநாட்டார் தம் ஊர்க்கு மேலுள்ள காட்டைக் கல் தடுக்கும் அரணாகக் கருதி வெட்டாமல் காத்து வருதலும் இக்கருத்தினதே. இன்னும், பாசி படர்ந்து வழுக்கும் இடமும் பாம்பு ஒடுங்கும் பள்ளமும் கூறப்படுகின்றன. பின்வருவோர் வழி பிழையாதிருக்கக் கவர்வழியில் புல்லை முடிச்சிட்டு வைக்க வேண்டும் என்பதும் உண்டு. பிறர் பொருட்டு இடும் எச்சரிக்கைக் குறி இதனினும் எளியது வேறு யாம் அறிந்திலம்.

இவற்றைக் கொண்டு சங்கப் புலவர் நிலச்சரிவியல் அறிந்திருந்தார் என்று கூறுதல் பொருந்தாது. அவர் கூறும் கற்கள் மனிதர் வைத்தனவும் எறிந்தனவுமே. மழையால் பெயர்ந்தன அல்ல. முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் என்னும் ஆர்வவுரை ஆராய்ச்சிக்கு ஊறு செய்யும். எனினும் கல் எங்கிருந்து புறப்படும், எவ்வழி வரும், அவ்வழியில் மனிதன் எப்பொழுது நிற்பான் என்னும் மூன்று வினாக்களை அவர் ஒருங்கே எழுப்புகின்றார். இக்கால அளவைமுறை இவற்றுள் முதல் வினாவிற்கே பெரிதும் விடை தருகின்றது.

அம்முறையைச் சிறிது காண்போம். 1992இல் அன்பழகன் என்னும் பொறியியல் நிலவியலார் சரிவின் இடரை ஆறு கூறுகளால் மதிப்பிடும் முறையொன்றை வெளியிட்டார். பாறை வகை, பாறையின் பிளவமைப்பு, சரிவின் சாய்வு, நிலப்பயன் ஆகிய நான்கிற்கும் தனித்தனி 2 மதிப்பெண், உயர வேறுபாட்டிற்கும் நீர்நிலைமைக்கும் ஒவ்வொன்று, ஆக 10. மொத்தம் 7.5ஐக் கடப்பின் மிகப் பேரிடர் என்ப. 1998இல் இந்தியத் தர நிறுவனம் வெளியிட்ட நெறிமுறையும் இவ்வழியதே. சரிவின் தன்மையை இது நன்கு காட்டும். ஆயின் பெயர்ந்த கல் எத்துணைத் தொலைவு ஓடும் என்பது வேறு கணக்கு. கனடா நாட்டு எவான்சும் உங்கரும் 1993இல் ஓர் அளவு கூறினர்: பாறை முகத்தின் அடியில் குவிந்த கற்குவையின் உச்சியினின்று ஏறத்தாழ 27.5 பாகை தாழ்ந்து செல்லுமாறு ஒரு கோடு வரையின், வீழும் கற்கள் பெரும்பாலும் அக்கோடு நிலத்தைத் தொடும் இடத்தைக் கடந்து செல்வதில்லை. தனித்து வீழும் கல்லுக்கே இது பொருந்தும். சேற்றொடு கலந்து வரும் கல் இவ்வளவைக்கு அடங்காது.

திருவண்ணாமலையில் நிகழ்ந்தது அதுவே. 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் மாலை, பெருமழையால் மலை சரிந்து, சேறும் பெருங்கற்களும் அடிவாரத்து வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் வீழ்ந்தன. எழுவர் மாண்டனர், அவருள் ஐவர் சிறார். அடுத்து டிசம்பர் 13ஆம் நாள் கார்த்திகை விளக்கீடு. 2,668 அடி உயரமுள்ள மலைமுடியில் விளக்கேற்றுதற்கு முன்னர் நிலவியலார் குழு மலையை ஆராய்ந்தது. அவ்வாண்டு அடியார் மலையேற இசைவு தரப்படவில்லை; கொப்பரையும் நெய்யும் சுமந்து செல்வோரே ஏறினர். விடியும்வரை தங்குக என்ற பெருங்கௌசிகனார் அறிவுரையும் இத்தடையும் ஒரு வகையினவே. இரண்டும் மலையைத் திருத்த முயலாமல், மனிதன் நிற்கும் இடத்தையும் பொழுதையும் மாற்றுகின்றன. ஆனால் விழாவிற்கு விதித்த தடை ஒரு நாளினது. சரிவின் அடியில் வீடு கட்டி வாழ்வோர்க்கு ஆண்டு முழுவதும் அதுவே இடம். அண்ணாமலையார் கோயில் மலையின் கீழைத் தாழ்வரையில் அமைந்தது. அதனைச் சூழ்ந்த ஊர் பெருகிச் சரிவின்மேல் ஏறிய வரலாற்றை ஆராய்தல் நிலவியலார்க்கு உரிய தொழில் அன்று. கல்வெட்டும் நில ஆவணமும் பயில்வோர் மேற்கொள்ள வேண்டிய பணி அது.

இவ்வாய்வு முதற்கண் நிகழ வேண்டிய வட்டாரம் ஒன்றையும் குறிப்பிடுகின்றோம். 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்தினின்று சென்னை மாநிலத்தோடு இணைந்த திருத்தணிப் பகுதி, ஆர்.கே.பேட்டை முதலிய எல்லையூர்களை உடையது, பாறைக்குன்றுகள் மலிந்தது. திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். அங்கே மக்கள் மிகத் திரளும் நாள்கள் இரண்டு. ஆடிக்கிருத்திகை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே முடிந்துவிடும். திருப்புகழ் பாடிப் படிதோறும் பூசை செய்யும் படித்திருவிழாவோ டிசம்பர் 31ஆம் நாள் இரவில் நிகழ்வது. மூன்று திங்கள் மழையில் நனைந்த பாறையின்கீழ், இருளில், படியெங்கும் மக்கள் நிற்கும் பொழுது அது. ஆறு கூறுகளைக் கொண்ட அட்டவணையில் இப்பொழுதிற்கு மதிப்பெண் இல்லை.