சூரிய சுழற்சியின் நீளமும் கொடைக்கானல் பதிவுகளும்

சூரியனில் கரும்புள்ளிகள் பெருகிக் குறையும் ஒரு சுற்றின் காலமே சூரிய சுழற்சியின் நீளம். பாடநூல்களில் 11 ஆண்டுகள் என்று இருக்கும். அது சராசரிதான். ஏறக்குறைய 9 ஆண்டில் முடிந்ததும் உண்டு, 13 ஆண்டைத் தாண்டியதும் உண்டு.

ஜெர்மானிய மருந்தாளுநர் ஹைன்ரிக் ஷ்வாபே 1826 முதல் நாள்தோறும் புள்ளிகளை எண்ணி, சுமார் 10 ஆண்டுச் சுற்று இருப்பதாக 1843இல் அறிவித்தார். உண்மையில் அவர் தேடியது புதனின் பாதைக்கும் உள்ளே சுற்றும் ஒரு கோளை. பின்னர் சுவிட்சர்லாந்தின் பெர்னில் ருடால்ஃப் உல்ஃப், புள்ளிக் கூட்டங்களைப் பத்தால் பெருக்கித் தனிப்புள்ளிகளைக் கூட்டும் எண்ணை வகுத்து, பழைய குறிப்புகளையும் திரட்டிச் சராசரியை 11 ஆண்டு அளவுக்குத் திருத்தினார். 1755இல் தொடங்கிய சுற்றே முதலாவதாக எண்ணப்படுகிறது.

தமிழகத்துக்கு இந்த ஆராய்ச்சி பஞ்சத்தின் வழியாக வந்தது. 1876–78இன் தாது வருஷப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் பொய்க்கிறது என்று 1877இல் ஆங்கிலேய அரசின் புள்ளிவிவர அதிகாரி ஹண்டரும் வானியலாளர் லாக்கியரும் வாதிட்டார்கள். சுழற்சியை வைத்து மழையை முன்கூட்டிச் சொல்லலாம் என்ற அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. ஆனாலும் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் 1899இல் உருவாக அதுவும் ஒரு காரணமாயிற்று. பட்டினிச் சாவுகளுக்கு விடை தேடிய முயற்சியில் கிடைத்த அரிய செல்வம் அது.

1904 முதல் அங்கே சூரிய வட்டத்தைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்து வந்தார்கள். மேகம் மறைத்த நாள்கள் உண்டு, ஆனால் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பணி நிற்கவில்லை. கிரீனிச் ஆய்வகமும் தன் பதிவில் விடுபட்ட நாள்களுக்கு இந்தத் தகடுகளைப் பயன்படுத்தியது.

ஒரு சுற்று எங்கே முடிகிறது என்பதுதான் சிக்கல். பழைய சுற்றின் கடைசிப் புள்ளிகள் சூரிய நடுக்கோட்டருகே தோன்றும்போதே, புதிய சுற்றின் புள்ளிகள் 30 பாகை அளவில் உயர் அட்சங்களில் எழுந்துவிடும். இரண்டும் சில காலம் கலந்திருக்கும். ஆகவே மாத எண்களை 13 மாத அளவில் சமன்செய்து, கிடைக்கும் மிகத் தாழ்ந்த மாதத்தை எல்லையாகக் கொள்வர். இப்படிக் கணக்கிட்டால் 23ஆம் சுற்று (1996–2008) 12 ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 24ஆம் சுற்று சரியாக 11 ஆண்டு. 1908இல் அமெரிக்க வானியலாளர் ஹேல் புள்ளிகளின் காந்தப்புலத்தைக் கண்டறிந்தார். சுற்றுக்குச் சுற்று துருவ வரிசை மாறுவதால் முழுக் காந்தச் சுற்று 22 ஆண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று.

கொடைக்கானல் தகடுகள் இப்போது எண்ணிம வடிவில் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. தற்போதைய 25ஆம் சுற்று 2019 டிசம்பரில் தொடங்கியது. அதன் நீளம், அடுத்த தாழ்நிலை கடந்து ஆறு மாதங்களாவது ஆன பின்பே உறுதியாகும்.